படிப்பு பிள்ளையோடு போகட்டும்

(நம் டிரஸ்ட் படிப்பகத்தில் நடந்த பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

இன்று நாம் பேசப் போவது விரல் அளவுள்ள ஒரு சாமானைப் பற்றி. பென் டிரைவ். கல்யாண வீடியோ வாங்கவும், ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கவும் நாம் எல்லோரும் பயன்படுத்துகிற பொருள்தான். அதில் ஒரு பிள்ளையின் முழு ஆண்டுப் படிப்பையும் வைத்துக்கொண்டு, எந்தக் கணினி கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்து படிக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் உங்களை அழைத்திருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் ஃபீஸுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் உதவி கேட்டு விண்ணப்பங்கள் வருகின்றன. முடிந்ததைச் செய்கிறோம், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் ஃபீஸ் கட்டிவிட்டதால் படிப்பு வந்துவிடாது. ஜூனில் படித்தது மார்ச்சில் பரீட்சை எழுதும்போது பிள்ளையின் நினைவில் இருக்க வேண்டும். இந்த ஒன்பது மாத இடைவெளியில்தான் நம் பிள்ளைகளின் மதிப்பெண் கரைகிறது.

கல்வியிலும் அரசு வேலையிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குள்ளும் போட்டி உண்டு. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் இடம் கைமாறிப் போகிறது. படித்தும் மறந்துபோன ஒரு விடைக்காக ஒரு பிள்ளையின் இடம் போவதை நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

மறதிக்கு மருந்து மதரஸாவில் இருக்கிறது

மறதி நமக்குப் புதிய செய்தி அல்ல. குர்ஆனை மனனம் செய்தவரை, கட்டிப் போட்ட ஒட்டகத்தின் உரிமையாளருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். கவனித்து வந்தால் ஒட்டகம் நிற்கும், விட்டுவிட்டால் போய்விடும். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இதனால்தான் ஹிஃப்ழு மதரஸாக்களில் பாடத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அன்றைய புதுப்பாடம் சபக். சில நாட்களுக்குள் ஓதி முடித்தது சபக்கி. பழையது மன்ஸில். புதுப்பாடம் நன்றாக வருகிறது என்பதற்காகப் பழையதைக் கேட்காமல் விடுகிற உஸ்தாதை நாம் பார்த்ததில்லை. ஹாஃபிழ் ஆகிப் பட்டம் வாங்கியவரும் ரமளான் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தவ்ர் ஓதத் தொடங்கிவிடுகிறார். மனனம் என்பது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும்.

ஆனால் பள்ளிக்கூடப் பாடம் என்று வந்துவிட்டால் இந்த முறையை நாம் மறந்துவிடுகிறோம். ஜூலையில் ஒரு பாடம் படித்து, யூனிட் டெஸ்ட் எழுதி, மூடி வைத்துவிட்டு, பிப்ரவரியில் திறக்கிறோம். திறந்தால் எல்லாம் புதிதாகத் தெரிகிறது.

1885இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற அறிஞர், பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனனம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து ஒரு நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது. பிறகு மெதுவாகிறது என்று அவர் கண்டார். ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட, நாள் விட்டு நாள் படிப்பது நிலைக்கிறது என்றும் கண்டார். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதை வீட்டில் செய்யும் வழியாக்கினார். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், பின்னால் உள்ள அறைகளை நாள் கழித்துக் கழித்தும் பார்க்க வேண்டும். சபக்கும் மன்ஸிலும் பெட்டிக்குள் வந்தது போலத்தான்.

இந்தப் பெட்டியைக் கணினிக்குள் வைத்தவைதான் ஃபிளாஷ் கார்டு மென்பொருள்கள். அவற்றில் அதிகம் பேர் பயன்படுத்துவது ஆன்கி. டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனனம் என்று பொருள். கணினிக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு. கேள்வி வரும், பிள்ளை மனதுக்குள் விடை சொல்ல வேண்டும், பிறகு விடையைத் திறந்து பார்த்து, மீண்டும், கடினம், சரி, எளிது என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். எளிதாக வந்த அட்டை பல நாள் கழித்து வரும். வராத அட்டை சில நிமிடத்தில் திரும்ப வரும். எந்த அட்டையை எந்த நாளில் கேட்பது என்ற கணக்கை மென்பொருளே வைத்துக்கொள்கிறது.

நம் வீட்டுக் கணினி எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னதைப் பல ஆசிரியர்கள் சொல்வார்கள். இனிச் சொல்வது நம் குடும்பங்களின் நிலை.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு கணினிக்குள் இருக்கும். எந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக மேஜையும் கணினியும் இருக்கிறதோ அதற்குக் கவலை இல்லை. நம் தெருக்களில் அப்படி எத்தனை வீடு? ஒரு வீட்டில் அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய அரசு மடிக்கணினி இருக்கும். அதுவும் அண்ணன் ஊரில் இருந்தால்தான் கிடைக்கும். ஒரு பிள்ளை திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூட லேபில் உட்காரும். சனி, ஞாயிறு நன்னி வீட்டில் மாமாவின் கணினி. லீவு நாளில் நம் படிப்பகம். ஓரிடத்தில் 100 அட்டை போட்டால் மற்ற இடத்தில் ஒன்றும் இருக்காது. நாலு இடத்தில் படித்தும் நாலு துண்டாகக் கிடக்கும். கொஞ்ச நாளில் பிள்ளை சலித்து விட்டுவிடும். பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாம் சொல்லிவிடுவோம்.

படிப்பு கணினியோடு இருப்பதால் வருகிற வினை இது. படிப்பைப் பிள்ளையோடு போகும்படி செய்துவிட்டால் கணினி யாருடையதாக இருந்தால் என்ன? அதற்குத்தான் பென் டிரைவ்.

ஆன்கியின் நிரல் கோப்புறை முழுவதையும் பென் டிரைவுக்குள் நகல் எடுத்து வைக்கலாம். அட்டைகளும் கணக்கும் சேரும் தரவுக் கோப்புறையையும் அதே பென் டிரைவில் வைக்கலாம். சாதாரணமாக ஆன்கி தன் தரவை அந்தந்தக் கணினியின் உள்ளேதான் எழுதும். அப்படி எழுதாதே, பென் டிரைவில் இருக்கும் இந்தக் கோப்புறையில் எழுது என்று சொல்லுகிற ஒரே வரி கொண்ட பேட்ச் கோப்பு ஒன்றை நோட்பேடில் எழுதிப் பென் டிரைவில் வைத்தால் போதும். பிள்ளை எந்த விண்டோஸ் கணினியில் செருகினாலும் அந்தக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் தன் அட்டைகள் தன் கணக்கோடு திறக்கும். அந்தக் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

அந்த ஒரு வரியில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு கணினியில் பென் டிரைவுக்கு ஈ என்று எழுத்து விழும். இன்னொன்றில் எஃப், வேறொன்றில் ஜி. ஆகவே டிரைவின் எழுத்தைச் சேர்க்காமல் கோப்புறையின் பெயரை மட்டும் எழுத வேண்டும். எழுத்தைச் சேர்த்துவிட்டால் ஓரிடத்தில் திறப்பது மற்ற இடத்தில் திறக்காது. இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டும் என்பதில்லை. முழு நிரலும் ஒரே கோப்புறையில் அடங்குகிற ஒரு பதிப்பை நம் படிப்பகத்துத் தம்பிமார் எடுத்து வைத்திருக்கிறார்கள். பென் டிரைவைக் கொண்டு வந்தால் போட்டுத் தருவார்கள்.

எல்லோருக்கும் ஒரே பதிப்பு என்பதற்கும் காரணம் உண்டு. புதிய பதிப்பில் திறந்த சேகரிப்பைப் பழைய பதிப்பு ஏற்காமல் போகலாம். பென் டிரைவிலேயே நிரலும் இருந்தால் எங்கே போனாலும் பதிப்பு மாறாது. அந்தந்தக் கணினியில் இருக்கும் ஆன்கியில் உங்கள் சேகரிப்பைத் திறக்காதீர்கள். இன்னொன்று: இப்போதைய ஆன்கிக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய அரசு மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கேற்ற பழைய பதிப்பைப் போட்டுத் தருவோம்.

இணையம் வேண்டாம்

பெற்றோர்களில் பலருக்கு மனதில் ஓடுவது நமக்குத் தெரியும். கணினி, போன் என்றால் பிள்ளை எங்கேயாவது போய்விடுமே என்ற அச்சம். நியாயமான அச்சம்தான். அதற்காகவே இந்த வழியை முதலில் சொல்கிறோம். பென் டிரைவில் உள்ள ஆன்கி ஓடுவதற்கு இணையம் தேவையில்லை. நெட் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா அடுப்படியில் இருந்து பார்க்கிற மாதிரி வரவேற்பறையில் கணினியை வைத்துப் பிள்ளை அரை மணி நேரம் படிக்கலாம். ஸ்மார்ட் போன் கையில் கொடுக்காமலேயே இது நடக்கும்.

இது குறிப்பாக நம் பெண் பிள்ளைகளுக்காக. பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் போன் கொடுப்பதில்லை என்று முடிவு எடுத்த வீடுகள் உண்டு. அது அவர்கள் வீட்டு முடிவு. ஆனால் போன் இல்லை என்பதற்காகப் படிப்பின் கருவியும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. மகன் போனில் படிக்கிறான், மகள் பழைய நோட்டைப் புரட்டுகிறாள் என்றால் அது நீதி ஆகாது. கணினி முன்னால் தம்பி வந்து நின்றதும் அக்கா எழுந்து இடம் கொடுக்கிற வழக்கத்தையும் சில வீடுகளில் பார்க்கிறோம். அவளுக்கென்று ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் யாரும் எழுப்பக் கூடாது.

கல்லூரி படிக்கும்போதே நிக்காஹ் முடிந்து வேறு ஊர் போகிற பெண்களும் உண்டு. புத்தக மூட்டை அம்மா வீட்டுப் பரணில் ஏறிவிடும். படிப்பு அங்கேயே நின்றுவிடும். ஒரு பென் டிரைவ் அவள் கைப்பையில் போகும். மாமியார் வீட்டில் ஒரு கணினி இருந்தால் விட்ட இடத்தில் தொடரலாம். மாப்பிள்ளை வீட்டாரும் இதை ஒரு வார்த்தை சொல்லி ஊக்கப்படுத்த வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறோம்.

மூன்று ஒழுங்கு

பிள்ளைகளே, இனி உங்களுக்கு. பென் டிரைவ் ஓர் அமானிதம். மூன்று ஒழுங்கைக் கடைப்பிடித்தால்தான் அது கை கொடுக்கும்.

முதலாவது, ஒரே சேகரிப்பு. பென் டிரைவில் ஒன்று, மாமா கணினியில் ஒன்று என்று இரண்டு வைக்காதீர்கள். கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் வைத்து, காலை விற்பனையை ஒன்றிலும் மாலை விற்பனையை மற்றதிலும் எழுதினால் என்ன ஆகும்? எந்தப் புத்தகமும் சரியான இருப்பைக் காட்டாது. அட்டையும் அப்படித்தான். நேற்று நன்றாகச் சொன்னதை இன்று திரும்பக் கேட்கும். மறந்துபோனதைக் கேட்காமலே விட்டுவிடும்.

இரண்டாவது, மூடிவிட்டு எடுப்பது. பள்ளி மணி அடித்துவிட்டது என்று ஆன்கி திறந்திருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்தால் சேகரிப்பே கெட்டுப்போகலாம். முதலில் ஆன்கியை மூடுங்கள். பிறகு கணினியின் மூலையில் உள்ள பாதுகாப்பாக அகற்றும் குறியை அழுத்துங்கள். எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது, வாரம் ஒரு நகல். பென் டிரைவ் தொலையும், சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் போகும், திடீரென்று செத்தும் போகும். ஆன்கி தானாகவே நகல் எடுத்து வைக்கிறதே என்று நினைக்காதீர்கள். அந்த நகல் அதே பென் டிரைவில்தான் இருக்கும். அதில் படமும் ஒலியும் சேராது. ஆகவே ஜும்ஆ அன்று மாலையில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய், முழுச் சேகரிப்பையும் படம், ஒலியோடு ஒரே கோப்பாக எடுத்து, வீட்டுக் கணினியிலோ படிப்பகத்தில் உங்கள் பெயரில் உள்ள கோப்புறையிலோ வையுங்கள். படம் இல்லாத சில ஆயிரம் அட்டைகள் என்றால் சில எம்பிதான் வரும். ஒரு எச்சரிக்கை: அந்த முழு நகலைத் திரும்ப ஏற்றினால், அப்போது இருப்பதை அழித்துவிட்டு அது வந்து உட்காரும். தேவை வரும்போது மட்டும், யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

இவற்றோடு சில சில்லறை விஷயங்கள்.

வெளிக் கணினியில் பென் டிரைவைச் செருகினால் வைரஸ் ஒட்டும். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதை நெட் சென்டர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்யுங்கள். படிப்பு பென் டிரைவில் பாட்டு, படம், கண்டதையும் போடாதீர்கள்.

செருகிய கணினியின் தேதி சரியா என்று பாருங்கள். பழைய கணினியில் உள் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். ஆன்கி அந்தத் தேதியை நம்பித்தான் கணக்குப் போடும். தேதி தவறென்றால் அட்டையின் முறையும் தவறிவிடும். ஆன்கிக்கு ஒரு நாள் தொடங்குவது நள்ளிரவில் அல்ல. அதிகாலை 4 மணிக்கு. ஃபஜ்ருக்குப் பிறகு படித்தால் அது அன்றைய கணக்கு. இரவு 1 மணிக்குப் படித்தால் முந்தைய நாள் கணக்கு.

தமிழில் அட்டை எழுதுகிறவர்கள் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பி நிற்கும். பல கணினி மாறிப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய இடைஞ்சல்.

பென் டிரைவ் ஏறாத இடம்

சில பள்ளி லேபில் பென் டிரைவ் செருகவே விடமாட்டார்கள். அது அவர்கள் பாதுகாப்புக்கு வைத்த விதி. மதித்து நடக்க வேண்டும். விண்டோஸுக்கான நிரல் லினக்ஸ் கணினியிலும் மேக்கிலும் ஓடாது. அந்த மாதிரி இடங்களுக்கு இரண்டாவது வழி உண்டு. ஆன்கி வெப் என்ற இலவசச் சேவையில் ஒரு கணக்குத் தொடங்கி, பென் டிரைவில் உள்ள சேகரிப்பை அதனோடு ஒத்திசைத்து வைக்கலாம். பிறகு எந்தக் கணினியிலும் பிரவுசரிலேயே உள்ளே போய் அன்றைய அட்டைகளைப் பார்க்கலாம். அத்தாவின் ஆண்ட்ராய்டு போனில் ஆன்கி டிராய்டு போட்டுக்கொண்டும் பார்க்கலாம்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு விதி ஒன்றே: உட்காரும்போது ஒத்திசை, எழும்போது ஒத்திசை. இரண்டு இடத்தில் பார்த்த அட்டைகளை ஆன்கி பெரும்பாலும் தானே சேர்த்துக்கொள்ளும். ஆனால் முதல் தடவை இணைக்கும்போதும், அட்டையின் அமைப்பை மாற்றிய பிறகும், எதை வைத்துக்கொள்வது, இங்கே இருப்பதையா அங்கே இருப்பதையா என்று கேட்கும். அவசரத்தில் தவறானதை அழுத்தினால் ஒரு பக்கத்து உழைப்பு போய்விடும். நின்று படித்துவிட்டு அழுத்துங்கள். நெட் சென்டரில் கடவுச்சொல்லைச் சேமித்துவிட்டு வராதீர்கள். ஒத்திசைத்த பென் டிரைவ் தொலைந்தால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். படமும் ஒலியும் ஒத்திசைய வேண்டுமானால் பென் டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருப்பது நல்லது. எஃப்ஏடி 32 முறையில் அது தடைபடலாம். படிப்பகத்தில் கேட்டால் மாற்றித் தருவார்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

கணினியே கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? அதற்கும் வழி இருக்கிறது. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்து, கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கத்தை வெட்டி அட்டையாக்கி, லைட்னர் முறையில் படிக்கலாம். மென்பொருள் செய்யும் வேலையைக் கையால் செய்கிறோம், அவ்வளவுதான். பெட்டி போட்டுப் படிக்கிற பிள்ளையை யாரும் குறைவாக எண்ண வேண்டாம்.

அட்டை எப்படி இருக்க வேண்டும்

ஓர் அட்டையில் ஒரு கேள்வி. அதற்கு ஒரு விடை. "கணையத்தைப் பற்றி எழுதுக" என்பது அட்டை அல்ல. "இன்சுலினைச் சுரப்பவை எவை?" என்பது அட்டை. விடை: லாங்கர்ஹான் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள். மக்தபில் அரபி படிக்கும் பிள்ளை "கிதாப் என்பதன் பன்மை?" என்று முன்னால் எழுதி, பின்னால் "குதுப்" என்று எழுதலாம்.

அடுத்தவர் செய்த அட்டைகளை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்வதைவிட, பாடத்தைப் புரிந்துகொண்டு தானே எழுதுவது சிறந்தது. எழுதும்போதே பாதி மனதில் பதியும். புரியாததை அட்டையில் போட்டு மனனம் செய்வதால் பயன் இல்லை. கணக்குப் பாடத்துக்கு அட்டை சூத்திரத்தோடு நின்றுவிடும். கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும்.

ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குர்ஆன் மனனம் உஸ்தாதின் முன்னால் உட்கார்ந்து, அவர் காது கேட்க, தஜ்வீதோடு ஓதிப் பெறுவது. அதற்கு மென்பொருள் மாற்று ஆகாது. பள்ளிப் பாடத்துக்கும் அரபிச் சொற்களுக்கும் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். ஓதலில் உஸ்தாத் சொன்னபடி நடங்கள்.

குறைவாக, ஆனால் தினமும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. முதல் வாரம் ஆர்வத்தில் நாள் ஒன்றுக்கு 50, 60 புது அட்டை சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு புது அட்டையும் வருகிற வாரங்களில் பலமுறை திரும்ப வரும் கடன். மூன்றாவது வாரத்தில் தினமும் சில நூறு அட்டை வரிசையில் நிற்கும். பிள்ளை மிரண்டு ஓடிவிடும். ஆன்கி தானாக வைத்திருக்கும் அளவு நாளுக்கு 20 புது அட்டை. பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 போதும் என்பது நம் ஆலோசனை. நாளுக்கு 10 என்றால் 200 நாளில் 2,000 விடை. அவை பரீட்சை அன்று கையில் இருந்தால் அது சிறிய விஷயமா?

அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். இபாதத்தில் நாம் கற்ற இந்தப் பாடம் படிப்புக்கும் பொருந்தும். ஒரு வாரம் விட்டுவிட்டால் பாக்கி சேரும். சேர்ந்துவிட்டால் புது அட்டையை நிறுத்திவைத்து, பழைய பாக்கியை நாளுக்குக் கொஞ்சமாக அடையுங்கள். ரமளானிலும் பெருநாள் பயணத்திலும் புது அட்டை வேண்டாம். பழையதை மட்டும் பார்த்தால் போதும். சபக் இல்லாத நாளிலும் மன்ஸில் உண்டல்லவா?

நம் பொறுப்பு

நம் டிரஸ்ட் செய்வது இது. படிப்பகத்தில் உள்ள கணினிகள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஆண் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். அஸர் முதல் மஃரிப் வரையும், ஞாயிறு காலையும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். பொறுப்பு ஆலிமா ஒருவர் உடன் இருப்பார். பென் டிரைவ் வாங்க முடியாத குடும்பம் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் பெயரும் வெளியே வராது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வீட்டில் கணினி இருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அது உங்கள் கணினியில் எதையும் நிறுவாது, எதையும் விட்டுச் செல்லாது. பென் டிரைவைச் செருகும், படிக்கும், எடுத்துக்கொண்டு போகும். வளைகுடாவில் இருக்கும் அத்தாமார் போனில் பேசும்போது "மார்க் எவ்வளவு?" என்று கேட்பதோடு, "இன்றைய அட்டையைப் பார்த்துவிட்டாயா?" என்றும் கேளுங்கள். கணினி தெரியாத அம்மாவும் கேட்கலாம். திரையில் வரும் கேள்வியை வாசிக்கச் சொல்லி, விடையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மதரஸாவில் உஸ்தாத் பாடம் கேட்பது போல வீட்டில் நீங்கள் கேளுங்கள்.

மாணவக் கண்மணிகளே, பென் டிரைவ் கடையில் கிடைக்கும். நிரலை நாங்கள் போட்டுத் தருவோம். தினமும் உட்காருகிற அரை மணி நேரத்தை மட்டும் உங்களுக்காக வேறு யாரும் கொடுக்க முடியாது. அதை நீங்கள் கொடுங்கள்.

எங்கள் இறைவா, எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியைக் கொடுப்பாயாக; கற்றதை அவர்கள் நெஞ்சில் நிலைக்கச் செய்வாயாக; அந்தக் கல்வியால் அவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த ஊருக்கும் நன்மை சேர்ப்பாயாக. ஆமீன்.

பென் டிரைவ் போட்டுக்கொள்ள விரும்பும் மாணவர்கள் வரும் ஞாயிறு முதல் படிப்பகத்துக்கு வரலாம். பெண் பிள்ளைகள் அவர்களுக்குரிய நேரத்தில் தாயாருடன் வரவும்.

வஸ்ஸலாம்.